வெள்ளிக்கிழமைச் சாம்பல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், கல்வராயன் மலை கண்ணுக்கு நேரே பெரிசாகிக்கொண்டே வருகிற இடத்தில், இடது கைப்பக்கம் பூமாலையின் வெல்ல ஆலை இருக்கிறது. ஆலை என்றதும் சங்கு ஊதுகிற சர்க்கரை ஆலையை நினைத்துவிட வேண்டாம். நாலு பக்கமும் திறந்த ஒரு ஓலைக் கொட்டகை, கரும்பு பிழிய ஒரு மிஷின், சாறு காய்ச்ச ஆள் நீட்டிப் படுக்கிற அகலத்தில் ஓர் இரும்புக் கொப்பரை, அதற்கு அடியில் அடுப்பு, பின்னால் ஒரு புகைபோக்கி. அவ்வளவுதான் ஆலை. மார்கழியில் அடுப்பில் நெருப்பு விழுந்தால் பங்குனி வரைக்கும் வேலை இருக்கும். அந்த நெருப்புக்குப் பொறுப்பு சாலம்மாள்.

அடுப்புக்குப் பெண்பிள்ளை பொறுப்பு என்றால் அதில் என்ன அதிசயம் என்று கேட்கிறவர்கள் வெல்ல ஆலை அடுப்பைப் பார்த்ததில்லை. அதன் வாய் தரைக்குக் கீழே இருக்கும். எதிரே இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள் உட்கார்ந்துகொண்டு, நீளமான கவைக்கோலால் கரும்புச் சக்கையை அள்ளி உள்ளே தள்ள வேண்டும். முகத்துக்கு நேரே நெருப்பு, முதுகில் வெயில். பத்து ஊர் தேடினாலும் அந்தக் குழியில் ஆம்பிளைகளைத்தான் பார்க்கலாம்.

சாலம்மாள் மணலூர்பேட்டைக்காரி. அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டுகிற கூலிக்காரர்கள். அவளும் மூன்றாம் வகுப்போடு பலகையை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டவள்தான். மாயவனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது குழியில் உட்கார்ந்திருந்தவன் அவன். ஒரு தை மாதம் நெருப்பு எதிர்த்து அடித்து அவன் வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. கை ஆறுகிற வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவள் கோலை வாங்கினாள். பதினைந்து நாளில் கை ஆறியது. கோல் மட்டும் திரும்பிப் போகவில்லை, ஏனென்றால் அந்தப் பதினைந்து நாளில் இறங்கிய வெல்லம் மஞ்சள் கிழங்கு நிறத்தில் இருந்தது. நிறத்துக்குத்தான் மண்டியில் மதிப்பு. பூமாலை கெட்டிக்காரர், வாயைத் திறக்காமல் மாயவனைச் சக்கை காயவைக்கிற களத்துக்கு மாற்றிவிட்டார்.

"வூட்லயும் அடுப்பு உனுக்கு, ஆலையிலயும் அடுப்பு உனுக்குன்னா நான் எங்க போறது?" என்று மாயவன் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் பழகிவிட்டது.

இனிமேல் சொல்லப்போவது நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அந்தக் காலத்தில் ஆலைக்காரர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. அடுப்பு கொஞ்சம் மந்தமாக எரிந்தால், பழைய டயரை வெட்டி உள்ளே போடுவது. முன்பெல்லாம் மலையிலிருந்து விறகு இறங்கும். வனத்துறைக்காரர்கள் கெடுபிடி பண்ணியதும் விறகு நின்றது, டயர் வந்தது. பெரிய ஆலைகளில் இதே சக்கையை எரித்துக் கரண்டே எடுக்கிறார்கள். நம் ஆள்களோ மலையளவு சக்கையைக் களத்தில் மக்கவிட்டுவிட்டு டயருக்கு லாரி அனுப்பினார்கள். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற புத்தியை என்னவென்று சொல்வது?

டயர் எரிகிற புகை சாலம்மாளுக்கு ஆகாது. சக்கைப் புகை கண்ணைக் கரிக்கும், துடைத்துக்கொண்டால் போயிற்று. டயர்ப் புகை தொண்டைக்குள் இறங்கி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும். முன்பு இந்த அடுப்புச் சாம்பலைக் கத்தரித் தோட்டத்துக்கென்று போட்டி போட்டு அள்ளிக்கொண்டு போவார்கள். டயர் வந்தபின் அதில் கம்பியும் கரியும் கிடக்கிறதென்று ஒருத்தரும் கிட்டே வருவதில்லை. பக்கத்தில் காலனி, காலனியை ஒட்டிப் பள்ளிக்கூடம். அங்கே சத்துணவுச் சோற்றில் மிளகு தூவியதுபோல் கரி விழுந்தது.

காலனிக்காரர்கள் கலெக்டருக்கு மனுப் போட்டார்கள். பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார், பூமாலையிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். பொங்கல் கழித்து வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி வருவார். அன்றைக்கும் கறுப்புப் புகை வந்தால் ஆலைக்குப் பூட்டு.

பூமாலை அசரவில்லை. "பூட்னா பூட்டட்டும். கரும்ப சர்க்கர ஆலைக்கே வெட்டி அனுப்பிட்டுப் போறேன்" என்றார். அவருக்கு அது முடியும். கொட்டகையில் வேலை செய்கிற எட்டுக் குடும்பத்துக்கு முடியாது. ஆலை பூட்டினால் அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி செங்கல் சூளை. மேஸ்திரி சடையன் தை பிறந்ததும் லாரியோடு வந்து நிற்பான். செங்குன்றம் பக்கம் கொண்டுபோய் இறக்கினால் ஆனி மாதம் வரைக்கும் திரும்ப முடியாது. சாலம்மாளின் மகள் செவ்வந்தி அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. வயசுப் பெண்ணைத் தனியே குடிசையில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது, கூட்டிக்கொண்டு போனால் படிப்பு அதோடு சரி.

அன்று சாயங்காலம் செவ்வந்தி சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, துன்னு."

"ம்மா, அந்த மனு எழுதனது நான்தாம்மா. எல்லாரும் சொல்லச் சொல்ல நான் எழுதனேன். ஆலையப் பூட்டுவாங்கன்னு தெரியாதும்மா."

மாயவன் தலையில் கை வைத்துக்கொண்டான். சாலம்மாளுக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் வந்தது வேறு ஏதோ. தினமும் தான் நினைத்து விழுங்கிக்கொண்டிருந்ததைத் தன் பெண் காகிதத்தில் எழுதியிருக்கிறாள் என்று அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"கரி சோத்துல வுழறத எழுதினியா?"

"எழுதனேன்."

"செரி, துன்னுட்டுப் படி. அடுப்ப நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில் பூமாலையிடம் போய் நின்றாள். "மொதலாளி, அந்த வெள்ளிக்கெழம வரைக்கும் எனுக்குக் குடுங்க. டயர் இல்லாம சக்கையிலயே ஓட்டிக் காட்டறேன்."

"சக்கச் சூடு பத்தாமத்தான டயரு போடறோம்?"

"பத்தும். சாறு எந்தக் கரும்போ அந்தக் கரும்புச் சக்கையே அதக் காய்ச்சிடும். எங்க அப்பன் காலத்துல இன்னா டயரா இருந்துது?"

பூமாலைக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் டயருக்குக் கொட்டுகிற காசு மிச்சமாகட்டுமே என்று தலையாட்டினார்.

முதல் வேலையாக மாயவனோடு சண்டை. அவன் சக்கையை ஒரு நாள் வெயில் காட்டி அப்படியே போரில் ஏற்றிவிடுவான். எடுக்கும்போது மேலே கிடக்கிற புதுச் சக்கையை எடுப்பான். அடியில் கிடப்பது வேகாத சோறுபோல் ஊறிப்போய்க் கிடக்கும். இனிமேல் மூன்று நாள் காயவேண்டும், நாளைக்கு இரண்டு தரம் புரட்டவேண்டும், பழசை முதலில் எடுக்கவேண்டும் என்றாள் இவள்.

"என் வேலைய எனுக்கே சொல்லித் தரியா?"

"ஒரு பிடி எடுத்து முறுக்கு. படக்குன்னு ஒடஞ்சா குடு. வளைஞ்சா நீயே வெச்சிக்க."

மாயவன் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தான். ஆனால் செய்தான். அதற்குப் பலனும் இருந்தது. புதன்கிழமையும் வியாழக்கிழமையும் ஒரு துண்டு டயர் இல்லாமல் கொப்பரை கொதித்தது. சாலம்மாள் குழிக்குள் உட்கார்ந்து பாட்டுக்கூடப் பாடினாள்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை வந்தது, வினையும் வந்தது. காலையில் நன்றாக எரிந்த அடுப்பு உச்சிவேளைக்குள் சோர்ந்துபோயிற்று. சக்கை அதே சக்கை, வெயில் அதே வெயில். தள்ளத் தள்ளப் புகைதான் வந்தது, சுடர் வரவில்லை. அவள் பயந்துபோய் இன்னும் அள்ளிப் போட்டாள். இன்னும் புகைந்தது. இரண்டரை மணி நேரத்தில் இறங்க வேண்டிய பாகு ஐந்து மணி நேரம் கிடந்து, கறுத்து, இளகி, அச்சில் ஊற்றினால் பிடிக்காமல் சேறாகக் கிடந்தது. ஒரு கொப்பரை சாறு பாழ்.

"போதும் உன் சபதம்" என்றார் பூமாலை. "அந்த ஆளு வர வரைக்கும் டயர் போட்டே ஓட்டு. வந்து பூட்டனா பூட்டிக்கினு போவட்டும்."

அன்று சாலம்மாள் அடுப்பையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தோற்றதுகூட அவளுக்கு அவ்வளவு பெரிசாகப்படவில்லை. ஏன் தோற்றோம் என்று தெரியாததுதான் அறுத்தது. பதினொரு வருஷம் நெருப்போடு குடித்தனம் நடத்தியவளுக்கு நெருப்பு திடீரென்று அன்னியமாகப் போய்விட்டது.

இங்கே அந்த ஆலையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொப்பரை அடுப்பில் சக்கை எரிவது வரிசையாக வைத்த இரும்புக் கம்பிகளின்மேல். எரிந்த சாம்பல் கம்பி வழியாகக் கீழே ஒரு குழியில் விழும். அதைக் காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் வாரி வெளியே கொட்டுவார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வாரக்கூடாது. அந்த நாள்களில் வீட்டிலிருந்து சாம்பல் வெளியே போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது பூமாலையின் குடும்பத்து நம்பிக்கை. அவருடைய அப்பா காலத்தில் யாரோ ஒரு வெள்ளிக்கிழமை சாம்பலை வாரிக் கொட்ட, அந்த வாரமே கொட்டகை தீப்பிடித்ததாம். அதிலிருந்து பூமாலையின் மனைவி அமிர்தம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். யாருக்கும் இது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. செவ்வாய் வெள்ளி என்றால் டயர் கொஞ்சம் ஜாஸ்தி போகும், அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அடுப்பு மதியம் மூச்சடைத்துக்கொண்டு கிடந்தது. மாயவன் வெட்டிய டயர்த் துண்டுகளைக் கொண்டுவந்து குழிமேட்டில் வைத்திருந்தான். அப்போது பொதபொதவென்று ஒரு சத்தம். அடுப்பின் பின்பக்கம், சாம்பல் குழியின் மண் சுவர் சரிந்து விழுந்துவிட்டது. எலி வளை தோண்டிப் பஞ்சாக்கி வைத்திருந்த சுவர். குழி நிறைய அடைந்து கிடந்த சாம்பல் எல்லாம் பின்னால் இருந்த பள்ளத்தில் கொட்டிற்று.

அடுத்த நிமிஷம் அடுப்பு 'குப்'பென்று பிடித்துக்கொண்டது. மஞ்சள் சுடர் கொப்பரையின் அடியை முழுக்க நக்கியது. சாறு பொங்கி நுரை தள்ள, மேலே நின்ற ஆள் அலறியடித்துக்கொண்டு நுரை எடுக்க ஓடினான். சாலம்மாள் டயரை மறந்து, கோலை மறந்து, பின்பக்கம் ஓடினாள். சரிந்த சுவரின் ஓட்டையருகே மண்டி போட்டுக் கையை நீட்டினாள். கையைத் தடவிக்கொண்டு காற்று உள்ளே போயிற்று. யாரோ உறிஞ்சுவதுபோல் நிற்காமல் போயிற்று.

"காத்துய்யா!" என்று மாயவனைப் பார்த்துக் கத்தினாள். "சக்கை கேக்கல, டயர் கேக்கல. காத்துதான் கேட்டிருக்குது. நாம சாம்பல வெச்சி மூக்க அடச்சிட்டு, வாயில திணிச்சிக்கினு இருந்திருக்கிறோம்!"

வெள்ளிக்கிழமை ஏன் தோற்றாள் என்பது அந்த நொடியில் விளங்கிவிட்டது. மண்டி போட்ட இடத்திலேயே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பூமாலைக்குச் சிரிப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் அதுவுமாகச் சாம்பல் வெளியே கிடப்பதைப் பார்த்து முகம் வெளிறிப்போனார். "லட்சுமி செவுத்த இடிச்சிக்கினு போயிட்டா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். உடனே சுவரை எழுப்பி அடைக்கச் சொன்னார்.

சாலம்மாளுக்குத் தெரியும், இது பூமாலையிடம் பேசித் தீர்கிற விஷயம் இல்லை. சாயங்காலம் அன்று இறங்கிய வெல்லத்தில் ஓர் அச்சை எடுத்துக்கொண்டு அமிர்தத்திடம் போனாள். கையில் வைத்துக் கொடுத்தாள்.

"நெறத்தப் பாருங்கம்மா. அந்தச் செவுரு வுழுந்தப்பறம் எறங்கனது. போறவ இதமாரி குடுத்துட்டா போவா?"

அமிர்தம் வெல்லத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டாள். "அதுக்கு? வெள்ளிக்கெழம சாம்பல வெளிய கொட்டச் சொல்றியா? அது மட்டும் ஆவாது சாலம்மா."

"வெளிய வாணாம்மா. குழியில இருந்து எடுத்து கொட்டாய்க்குள்ளயே ஒரு மூலையில வெச்சிடறேன். சனிக்கெழம வெடிஞ்சதும் கொட்டிக்கலாம். கூரைக்குள்ளதான கெடக்கப்போவுது? அவ எழுந்து கொஞ்சம் தள்ளி ஒக்காரப்போறா. அவ்ளோதான."

அமிர்தம் வெல்லத்தை இன்னொரு தரம் கிள்ளி வாயில் போட்டாள். இதுமாதிரி விஷயத்தில் அவள் சொன்னால் பூமாலைக்கு அப்பீல் கிடையாது. கடைசியில், "தரையில கொட்டாத" என்றாள். "ஓட்ட வுழுந்த பழைய கொப்பரை பின்னால கெடக்குதுல்ல? அத உள்ள இழுத்துப் போடு. எத்தினியோ வருசம் வெல்லம் காய்ச்சனது. அதுல இருந்தா அவளுக்குக் கொறச்சல் இல்ல."

மறுநாள் அமிர்தமே வந்து, வடகிழக்கு மூலையில் போட்ட பழைய கொப்பரைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். சரிந்த சுவரை அடைக்காமல், பக்கத்துக்கு நாலு கல் வைத்து முன்பைவிடப் பெரிய வாயாகக் கட்டினார்கள். சாஸ்திரமும் பிழைத்தது, அடுப்பும் பிழைத்தது.

அதன்பின் சாலம்மாளுக்கு ஒன்றுதான் பாக்கி, தன் கையைத் திருத்துவது. சுடர் குறைந்ததும் அள்ளிப் போடுகிற பழக்கத்தை விட்டாள். ஒரு கோல் சக்கை போடுவாள், அது முழுக்கப் பிடிக்கிற வரைக்கும் சும்மா இருப்பாள். சும்மா இருப்பதுதான் அந்த வேலையிலேயே கஷ்டம். மூன்றே நாளில், ஒரு கொப்பரைக்குச் செலவான சக்கை பாதிக்குப் பாதி குறைந்தது. களத்தில் போர் கரையாமல் நிற்பதைப் பார்த்து மாயவன், "இவ்ளோத்த இன்னா பண்றது?" என்று கேட்க ஆரம்பித்தான்.

பொங்கல் போயிற்று, அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. பூமாலை வெல்ல மூட்டையோடு கள்ளக்குறிச்சி மண்டிக்குப் போயிருந்தார். பதினொரு மணிக்குக் கரண்டு போய்விட்டதால் பிழிகிற மிஷினும் ஓடவில்லை. கொப்பரையில் முன்பே பிழிந்த சாறு கொதித்துக்கொண்டிருந்தது. சாலம்மாள் குழிக்குள் இருந்தபடி சாலையைப் பார்த்தாள். ஜீப் வந்து ஓரமாக நின்றது. அதிகாரி இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். அதன் வாயில் லேசாகக் காற்று நெளிந்ததே தவிரப் புகை என்று ஒன்று இல்லை. சத்தமும் இல்லை. அவர் மடியில் வைத்த கோப்பில் ஏதோ எழுதினார். ஜீப் திரும்பியது.

அவர் என்ன எழுதியிருப்பார் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆலை மூடிக் கிடக்கிறது என்று எழுதியிருப்பார். எழுதிவிட்டால் மூடினது மூடினதுதான், மறுபடி திறக்க எத்தனை மாசம் எத்தனை ஆபீஸ் ஏற வேண்டுமோ?

"யோவ், வந்து கோலப் புடி!" என்று மாயவனைக் கூப்பிட்டுக்கொண்டே குழியிலிருந்து தாவி ஏறினாள். "கொஞ்சங் கொஞ்சமா போடு, அள்ளிப் போடாத!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் கரி, தலையெல்லாம் சக்கைத்தூள், சாலையில் ஓடினாள். வேகத்தடையில் ஜீப் தயங்கியபோது முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். டிரைவர் திட்டினான்.

"சார், ஆலை ஓடுது சார்!"

"எங்கம்மா ஓடுது? பொகையே இல்லையே?"

"அதான் சார்! பொகை இல்லாம ஓடுது! வந்து பாருங்க, கொப்பரை கொதிக்குது!"

அவர் நம்பவில்லை. ஆனால் இந்தக் கோலத்தில் ஒருத்தி சாலையில் நின்று பொய் சொல்லமாட்டாள் என்று தோன்றியிருக்க வேண்டும். இறங்கி வந்தார். பாதித் தூரம் வரும்போது புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக ஒரு குபுக். சாலம்மாளுக்கு உயிரே போய்விட்டது. பதினொரு வருஷத்துக்குப் பிறகு கோலைப் பிடித்த பதற்றத்தில் மாயவன் அள்ளிப் போட்டுவிட்டான். அவள் ஓடிப்போய்க் கோலைப் பிடுங்கினாள், சக்கையைக் கிளறிப் பரப்பினாள். பத்து எண்ணுவதற்குள் புகை அடங்கிவிட்டது.

அதிகாரி குனிந்து அடுப்புக்குள் பார்த்தார். பின்பக்கம் போய்க் காற்று வாயைப் பார்த்தார். களத்துச் சக்கையை எடுத்து முறுக்கிப் பார்த்தார். அது படக்கென்று உடைந்தது. மூலையில் பொட்டு வைத்த கொப்பரையையும் அதில் கிடந்த சாம்பலையும் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழமச் சாம்பல் சார். நாளைக்குத்தான் வெளிய போவும்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்தார். கோப்பைத் திறந்து, எழுதியதை அடித்துவிட்டு, புதுசாக நாலு வரி எழுதினார். "பக்கத்துல இன்னும் ஆறு ஆலை இருக்கு. கூட்டிட்டு வந்து காட்டலாமா?" என்று கேட்டார். காட்டலாம் என்றாள். சூடான வெல்லத்தை இலையில் வைத்துக் கொடுத்தாள். அவர் தின்றுகொண்டே போனார்.

சாயங்காலம் மேஸ்திரி சடையன் குடிசைக்கு வந்துவிட்டான். சாலையில் போகும்போது புகைபோக்கியைப் பார்த்திருக்கிறான்.

"ஆலையப் பூட்டிட்டாங்க போலக்குதே. நாளைக்கு வெடியக்காலம் லாரி. மூணு பேரையும் எழுதிக்கட்டுமாக்கா?"

உள்ளே செவ்வந்தி புத்தகத்தை மூடாமல், மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கள எழுதாத சடையா" என்றாள் சாலம்மாள். "ஆலை ஓடுது. எம் பொண்ணுக்கு மார்ச்சில பரீட்ச. நீ பத்தரமா போய்ட்டு வா."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான். சாலம்மாள் முகம் கழுவக் குடத்தடியில் குனிந்தாள். தண்ணீரை அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது. அத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. உள்ளே செவ்வந்தி விட்ட இடத்திலிருந்து சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.